எர்நெட் முதல் பாரத்நெட் வரை: அரசின் கணினி வலையமைப்பு நிதித் திட்டங்களும் சேத்தியாத்தோப்பும்

இந்தியாவில் கணினி வலையமைப்பு அரசுப் பணத்தில் பிறந்தது. 1986இல் தொடங்கிய எர்நெட் முதல் இன்றைய பாரத்நெட் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பல திட்டங்கள் இதற்காக வந்துள்ளன. சில ஆராய்ச்சிக்காக வந்தவை, சில அலுவலக நிர்வாகத்துக்காக வந்தவை, சில ஊர்ப்புறத்துக்காக வந்தவை. ஒவ்வொரு திட்டமும் தன் கம்பி எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொண்டது. முதல் திட்டத்தில் ஐ.ஐ.டி., அடுத்ததில் மாவட்ட ஆட்சியரகம், பிறகு ஒன்றிய அலுவலகம், பல்கலைக்கழகம், கடைசியில் கிராம ஊராட்சி. பணத்தின் அளவைவிட இந்த வரையறைதான் யாருக்கு இணைப்பு கிடைத்தது என்பதைத் தீர்மானித்தது. கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால் இது தெளிவாகப் புலப்படும்.

கடைமடை ஊர்

சேத்தியாத்தோப்பு, நெய்வேலி நிலக்கரி நகரியத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றங்கரையில் அமைந்த பேரூராட்சி. சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. ஆற்றின் குறுக்கே உள்ள சேத்தியாத்தோப்பு அணைக்கட்டும் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையும் ஊரின் அடையாளங்கள். சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் சிற்றூர்கள். வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் பெருங்குழாய் 2004 முதல் இந்த வழியாகத்தான் போகிறது.

நிர்வாகக் கணக்கில் இந்த ஊரின் இடம் சற்று விசித்திரமானது. மாவட்டத் தலைநகர் கடலூரில் இருக்கிறது. வட்டத் தலைநகர் புவனகிரி. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் இங்கே இல்லை. பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனத்தின் திட்டமிட்ட நகரியம் நெய்வேலியில் இருக்கிறது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குச் சந்தையும் பேருந்து நிலையமும் இதுதான் என்றாலும், சட்டப்படி இது கிராம ஊராட்சி அன்று. பாசனத்தில் கடைமடை என்ற சொல் இந்த மாவட்டத்தில் அனைவருக்கும் தெரிந்தது: மதகைத் திறந்த பிறகும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல். வலையமைப்புத் திட்டங்களில் சேத்தியாத்தோப்பு கடைமடை என்றுகூடச் சொல்ல முடியாது. பல திட்டங்களின் வாய்க்கால் வரைபடத்திலேயே அந்த வயல் குறிக்கப்படவில்லை.

அமெரிக்க முன்னோடி

அரசு ஏன் இதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு உலகம் கண்ட முதல் விடை அமெரிக்காவில் கிடைத்தது. 1969இல் இயங்கத் தொடங்கிய ஆர்பாநெட், பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை கொடுத்த பணத்தில் உருவானது. அந்த முகமையோடு ஒப்பந்தம் இல்லாத பல்கலைக்கழகங்கள் அதில் சேர முடியவில்லை. இந்தக் குறையை நீக்க, தேசிய அறிவியல் அறக்கட்டளை 1981இல் சி.எஸ்.நெட் என்ற கணினி அறிவியல் துறைகளுக்கான வலைக்கு உதவியது. பின்னர் 1986இல் என்.எஸ்.எஃப்.நெட் இயங்கத் தொடங்கியது. நொடிக்கு 56 கிலோபிட்டில் ஆரம்பித்த அதன் முதுகெலும்புத் தடம் 1988இல் 1.5 மெகாபிட்டுக்கும், 1991 முதல் 45 மெகாபிட்டுக்கும் உயர்ந்தது. பொதுப்பணத்தில் ஓடிய அந்தத் தடத்தில் வணிகப் போக்குவரத்துக்கு இடமில்லை என்ற விதி இருந்தது. தனியார் வலைகள் போதிய அளவு வளர்ந்ததும் 1995 ஏப்ரலில் அது மூடப்பட்டது.

அங்கே அரசு முதலில் பணம் போட்டு, தேவை இருப்பதை நிரூபித்து, பிறகு விலகிக்கொண்டது. இந்தியாவில் அரசு விலகவில்லை. ஒரு திட்டத்தின் மேல் இன்னொரு திட்டம் ஏறிக்கொண்டே போனது.

எட்டு நிறுவனங்களின் வலை

எர்நெட் என்பது கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இந்திய அரசின் மின்னணுவியல் துறை 1986இல், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியுடன் இதைத் தொடங்கியது. எட்டு நிறுவனங்கள் பங்கேற்றன: பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், தில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், மின்னணுவியல் துறை. தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் தலைவராக இருந்த சீனிவாசன் ரமணி இந்த முயற்சியில் முதன்மைப் பங்கு வகித்தார். 2014இல் அவர் பெயர் இணையப் புகழவையில் சேர்க்கப்பட்டது.

கம்பி பதிப்பது திட்டத்தின் ஒரு பாதிதான். வலையமைப்பு தெரிந்தவர்களை உருவாக்குவது மறு பாதி. அன்று நெறிமுறைகளை எழுதவும் இயக்கவும் தெரிந்த பொறியாளர்கள் நாட்டில் மிகச் சிலரே இருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு நிறுவனத்திலும் ஆராய்ச்சிக் குழு அமைக்கவும், மாணவர்களைப் பயிற்றுவிக்கவும், கருவிகளை வாங்கிப் பரிசோதிக்கவும் நிதி போனது. திட்டத்தின் நீடித்த பயன் இந்த மறு பாதியில்தான் இருந்தது. அன்று போட்ட தடங்களை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. அன்று பயின்ற தலைமுறைதான் பின்னாளின் பெரிய வலைகளை வடிவமைத்தது. தேசிய அறிவு வலையமைப்பின் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றிய எஸ்.வி. இராகவன் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் என்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

தொடக்கம் மிக எளிமையானது. 1986-87இல் பம்பாயில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்துக்கும் ஐ.ஐ.டி.க்கும் இடையே தொலைபேசி வழியாக மின்னஞ்சல் பரிமாறப்பட்டது. ஒரு கணினி மோடம் வழியே மற்றொன்றை அழைக்கும். சேர்த்து வைத்த கடிதங்களைக் கொடுத்துவிட்டு, அங்கே காத்திருப்பவற்றை வாங்கிக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கும். அஞ்சல் பையை ஊர் ஊராக மாற்றிவிடுவது போன்ற முறை. எப்போதும் திறந்திருக்கும் குத்தகைத் தடங்கள் பின்னரே வந்தன. 1992 அளவில் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத் தடங்களால் இணைந்திருந்தன. அதே ஆண்டு பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு 64 கிலோபிட் இணைப்பு வந்தது. 9.6 கிலோபிட் என்றால் என்ன என்பதை இப்படிக் கணக்கிடலாம்: இன்றைய கைபேசியில் எடுக்கும் ஐந்து மெகாபைட் படம் ஒன்றை அனுப்ப அந்தத் தடத்துக்கு ஏறத்தாழ எழுபது நிமிடம் ஆகும். ஒரு நாட்டின் தலைசிறந்த பொறியியல் நிறுவனங்கள் அனைத்தும் அந்த அகலத்தில்தான் பேசிக்கொண்டன.

அக்காலத்தில் நெறிமுறை பற்றியும் ஒரு தயக்கம் இருந்தது. பல நாடுகளின் அரசுகளும் தொலைபேசித் துறைகளும் ஓ.எஸ்.ஐ. என்ற பன்னாட்டுத் தரத்தையே எதிர்காலம் என்று நம்பின. டி.சி.பி./ஐ.பி. அமெரிக்க ஆராய்ச்சியாளர்களின் தற்காலிக ஏற்பாடாகவே பலருக்குத் தோன்றியது. எர்நெட் இரண்டையும் ஒரே தடத்தில் ஓடவிட்டது. 1995 அளவில் போக்குவரத்து கிட்டத்தட்ட முழுவதும் டி.சி.பி./ஐ.பி. பக்கம் போய்விட்டது. ஒரே தரத்தை அரசாணையால் கட்டாயமாக்கியிருந்தால் பல ஆண்டுகள் வீணாகியிருக்கும். ஆராய்ச்சித் திட்டமாக இருந்ததால் இரண்டையும் முயன்று பார்க்கும் சுதந்திரம் எர்நெட்டுக்குக் கிடைத்தது.

எர்நெட்டின் வாசல் ஆராய்ச்சி நிறுவனம். பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் வழியாக, தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் தொடங்கியது. மற்ற ஊர்க்காரர்கள் அந்த நகரங்களுக்குத் தொலைதூர அழைப்பு போட்டுத்தான் நுழைய முடியும். இணையக் கட்டணத்தோடு எஸ்.டி.டி. கட்டணமும் சேர்ந்தால் சிறுநகரத்தில் யாருக்கும் கட்டுப்படியாகாது.

மாவட்டத் தலைநகர் வரை

எர்நெட்டுக்கு இணையாக வேறொரு வலையும் வளர்ந்தது. 1976இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நிறுவப்பட்ட தேசிய தகவலியல் மையம், 1980களின் இரண்டாம் பாதியில் நிக்நெட் என்ற செயற்கைக்கோள் வலையை அமைத்தது. அதன் பின்னணியில் இருந்தவர் என். சேஷகிரி. தொலைபேசிக் கம்பி எல்லா மாவட்டங்களிலும் நம்பகமாக இல்லாத காலம் அது. ஆகவே ஆட்சியரகத்தின் மாடியில் ஒரு சிறு தட்டு ஆண்டெனாவை நிறுத்தி, செயற்கைக்கோள் வழியாகத் தில்லியுடன் இணைப்பது என்ற முடிவு எடுக்கப்பட்டது. கம்பியை ஊர் ஊராக இழுத்து வரும் வேலையே இல்லாமல் மாவட்டங்களை எட்டிய இந்த யோசனை, அக்காலத்துக்கு மிகத் துணிச்சலானது.

ஆனால் செயற்கைக்கோள் இணைப்பு இறங்கிய இடத்தில் நின்றுவிடும். கம்பி போகும் வழியில் இடையில் உள்ள ஊர்கள் கிளை எடுத்துக்கொள்ள முடியும். வானிலிருந்து இறங்குவதில் இடைவழி என்பதே இல்லை. அன்று தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த கடலூரில் வந்த தகவல், சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேத்தியாத்தோப்புக்குக் கோப்பாகத்தான் வந்து சேரும். நிக்நெட் மேலிருந்து புள்ளிவிவரம் கேட்பதற்கும் கீழிருந்து அனுப்புவதற்கும் கட்டப்பட்டது. குடிமக்கள் பயன்படுத்துவது அதன் நோக்கத்தில் இல்லை.

வில்லியனூர் மையம்

கடலூர் மாவட்டத்தை ஒட்டிய புதுச்சேரியில் 1998இல் வேறு விதமான ஒரு முயற்சி தொடங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய தகவல் கிராம ஆராய்ச்சித் திட்டம் அது. பணம் கொடுத்தது கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம், அதாவது கனடா நாடாளுமன்றம் நிதி ஒதுக்கும் ஓர் அரசு நிறுவனம். ஆகவே இதையும் அரசு நிதியில் நடந்த வலையமைப்பு ஆராய்ச்சி என்றே கொள்ள வேண்டும், அரசுதான் வேறு.

வில்லியனூரில் ஒரு நடுவண் மையம். சுற்றுப்புறச் சிற்றூர்களில் கிளை மையங்கள். தொலைபேசி இல்லாத அல்லது அடிக்கடி பழுதாகும் ஊர்களுக்கு, இருவழி வானொலிக் கருவிகளோடு மோடத்தை இணைத்துத் தரவு அனுப்பினார்கள். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் வைத்தார்கள். ஊர் தரப்பிலும் நிபந்தனைகள் இருந்தன: இடம் பொது இடமாக இருக்க வேண்டும், தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையின்றி உள்ளே வர வேண்டும், தன்னார்வலர்களை ஊரே தர வேண்டும். எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது. தன்னார்வலர்களில் பெண்கள் கணிசமாக இருந்தார்கள்.

அங்கே என்ன தகவல் போனது என்பதுதான் மற்ற திட்டங்களிலிருந்து இதை வேறுபடுத்தியது. விளைபொருள் விலை, மருத்துவமனை விவரம், அரசு உதவித் திட்டங்களுக்கான தகுதி எல்லாம் தமிழில் தொகுத்து அனுப்பப்பட்டன. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து வங்கக்கடலின் அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினித் திரையை எல்லோரும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவர் படித்தால் ஊருக்கே கேட்கும். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் இந்த ஒலிபெருக்கியின் மதிப்பு தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே உடனே அறிவித்ததால், மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினார்கள்.

இந்தத் திட்டத்தின் செலவு எந்தத் தேசியத் திட்டத்தோடு ஒப்பிட்டாலும் மிகச் சிறியது. இருந்தும், ஊரில் யார் எந்தத் தகவலை எப்போது கேட்பார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்கிக் கட்டப்பட்ட வலை இது ஒன்றுதான். இதே கனவோடு சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு, தான் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு மேலூர் வட்டாரத்தில் இணையக் கடைகளை உருவாக்கியது. தொழில்நுட்பம் வேலை செய்தது; கடைகளில் பெரும்பாலானவை வருமானம் போதாமல் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. தொடக்கச் செலவுக்கு நிதி கிடைத்தாலும் மாதாமாதம் ஆகும் செலவை யார் ஏற்பது என்ற சிக்கல் பின்னர் வந்த பெரிய திட்டங்களையும் விடவில்லை.

ஒன்றியமும் பல்கலைக்கழகமும்

2005 மார்ச்சில் மத்திய அரசு மாநிலப் பரந்த வலையமைப்புத் திட்டத்துக்கு 3,334 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. மாநிலத் தலைநகரிலிருந்து மாவட்டம், அங்கிருந்து ஒன்றியம் வரை குறைந்தது 2 மெகாபிட் இணைப்பு என்பது இலக்கு. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் இதை நிறைவேற்றியது. வாசல் ஒரு படி கீழே இறங்கியது. ஒன்றியத் தலைமையிடம் அல்லாத பேரூராட்சிக்கு அதில் முனையம் வைக்கும் கட்டாயம் இல்லை.

அடுத்து உயர்கல்வி. எர்நெட் வழியாகப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் யு.ஜி.சி. இன்ஃபோநெட் 2002 இறுதியில் தொடங்கப்பட்டிருந்தது. 2009இல் வந்த தகவல் தொழில்நுட்பம் வழிக் கல்விக்கான தேசிய இயக்கம், பல்கலைக்கழகங்களுக்கு 1 கிகாபிட் இணைப்பும் கல்லூரிகளுக்கு அகன்ற அலைவரிசையும் தரத் திட்டமிட்டது. தேசிய அறிவு ஆணையம் பரிந்துரைத்த தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு 5,990 கோடி ரூபாய். சுமார் 1,500 நிறுவனங்கள். தேசிய தகவலியல் மையம் இதை நடத்துகிறது. எர்நெட் காலத்தில் கிலோபிட்டில் பேசிய நிறுவனங்கள், நொடிக்குப் பல கிகாபிட் கொண்ட முதுகெலும்புக்கு மாறின. இயற்பியல் ஆய்வுகளின் பெருந்தரவு, வானிலை மாதிரிகள், தொலைமருத்துவம், பல ஊர்களில் உள்ள மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் வகுப்பு போன்றவற்றுக்கு இது பயன்பட்டது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இவ்வகைத் திட்டங்களின் வரையறைக்குள் வரும் நிறுவனம். அங்கே படிக்கும் சேத்தியாத்தோப்பு மாணவர் வளாகத்துக்குள் இருக்கும்வரை அந்த வலையில் இருக்கிறார். மாலையில் புவனகிரி வழியாகப் பேருந்து ஏறி வீடு திரும்பினால், சுமார் 25 கிலோமீட்டரில் வேறொரு காலத்துக்குள் நுழைந்துவிடுவார். அந்த ஆண்டுகளில் சிறுநகர மாணவர்களுக்குக் கைகொடுத்தது எந்த அரசுத் திட்டமும் அன்று. தேர்வு முடிவு பார்க்கவும் விண்ணப்பம் போடவும் மணிக் கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்த பிரவுசிங் சென்டர்தான்.

ஐந்து விழுக்காடு

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணத்தில், அவற்றின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காடு அளவிலான தொகை அனைவருக்குமான சேவைக் கடமை நிதிக்குப் போகிறது. இந்திய தந்திச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் மூலம் 2003இல் இந்த நிதிக்குச் சட்டத் தகுதி கிடைத்தது. பட்ஜெட்டில் வரும் பணம் போல் தோன்றினாலும் இதன் ஊற்று வேறு. யார் கைபேசியில் பேசினாலும், யார் ரீசார்ஜ் செய்தாலும், அந்த வருவாயில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் இங்கே சேரும். சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் போட்ட ரீசார்ஜும் இதில் அடக்கம்.

அந்தச் சட்டம் தன் கடமையை ஊரகப் பகுதிகளுக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் என்று வரையறுத்தது. நிதியின் முதல் பத்தாண்டில் கிராமப் பொதுத் தொலைபேசிகளுக்கும் ஊரகத் தொலைபேசி இணைப்புகளுக்கும் மானியம் போனது. வசூலான தொகையில் கணிசமான பகுதி செலவாகாமல் கணக்கில் தங்கியது தொடர்ந்து குறை கூறப்பட்ட ஒன்று.

இந்த நிதியை நம்பித்தான் 2011 அக்டோபர் 25 அன்று தேசிய ஒளியிழை வலையமைப்புக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொடக்க மதிப்பீடு 20,000 கோடி ரூபாய். இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு 100 மெகாபிட் என்பது இலக்கு. 2012 பிப்ரவரியில் இதற்காகப் பாரத் பிராட்பேண்ட் நெட்வொர்க் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. வேலை எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. 2015இல் திட்டத்துக்குப் பாரத்நெட் என்று பெயர் மாறியது. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது 2017 டிசம்பரில்தான். அதே ஆண்டு மொத்த மதிப்பீடு 42,068 கோடியாக உயர்ந்தது.

எளிய வகுத்தல் ஒன்று போட்டுப் பார்க்கலாம். தேசிய அறிவு வலையமைப்பில் ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக நான்கு கோடி ரூபாய். பாரத்நெட்டில் ஓர் ஊராட்சிக்குச் சுமார் 17 லட்சம். இரண்டும் ஒரே வகைச் செலவு இல்லை என்பதால் இந்த ஒப்பீட்டை மிகைப்படுத்தக் கூடாது. ஆனாலும் கடைசி வாசலுக்குப் போகும் பணம் எந்த அளவில் மெலிகிறது என்பதை இது காட்டும்.

கிராம ஊராட்சி என்ற அலகைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்தது. தனியார் நிறுவனங்கள் சிற்றூருக்குக் கேபிள் போட வரமாட்டா. நகரங்களை அவையே பார்த்துக்கொள்ளும் என்பது வாதம். பேரூராட்சி எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. இதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு முன்கதை உண்டு. 2004இல் மாநில அரசு 561 பேரூராட்சிகளைச் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கான மத்திய நிதியை அவையும் பெற வேண்டும் என்பதே காரணம். 2006இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாக்கப்பட்டன. ஒளியிழைத் திட்டம் வந்தபோது அவை சட்டப்படி நகர்ப்புற உள்ளாட்சிகள். வயலும் வரப்புமாக இருக்கும் பேரூராட்சிகூட ஊரகக் கணக்கில் சேராது.

மின்கம்பத்தில் ஒளியிழை

பாரத்நெட்டின் இரண்டாம் கட்டத்தைத் தமிழ்நாடு மாநில அரசு வழியாகவே செயல்படுத்த முடிவு செய்தது. 2018இல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் உருவானது. மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்க 1,815 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 683 ஊராட்சிகள். ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்ற புகார் எழுந்தது. 2020இல் மத்திய அரசின் தலையீட்டுக்குப் பிறகு மறு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் முத்தலக்குறிச்சி ஊராட்சியில் கேபிள் பதிக்கும் பணியை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது 2022 செப்டம்பரில். கழகம் தொடங்கி நான்காண்டுகள் ஓடியிருந்தன. இடையே கொரோனாக் காலம் வந்தது. ஊர்ப்புறப் பள்ளி மாணவர்களுக்கு இணையம் மிக அதிகமாகத் தேவைப்பட்ட இரண்டு ஆண்டுகள் அவை.

தமிழ்நாட்டில் கேபிளின் பெரும்பகுதி மண்ணுக்குள் இல்லாமல் மின்கம்பங்கள் வழியே கட்டப்படுகிறது. இதனால் செலவும் குறையும், சாலையைத் தோண்ட அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கடலூர் மாவட்டத்துக்கு இது சங்கடமான ஏற்பாடு. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலில், மாவட்டமெங்கும் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. முந்திரித் தோப்புகள் வேரோடு விழுந்த காட்சியை இந்தப் பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. அத்தகைய இன்னொரு புயல் வந்தால், மின்சாரத்தோடு ஒளியிழையும் சேர்ந்தே அறுந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. பேரிடரில்தான் தகவல் தொடர்பு அதிகம் வேண்டும். நல்லவாட்டின் அனுபவம் அதைத்தான் காட்டியது.

கேபிளின் அமைப்பும் முக்கியம். பாரத்நெட்டின் முதல் கட்டங்களில் ஒன்றியத்திலிருந்து ஊராட்சிகளுக்குக் கேபிள் நேர்க்கோடாகப் போனது. நடுவில் ஓர் இடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் அனைத்தும் இருளில் மூழ்கும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம் வளைய அமைப்புக்கு மாறுகிறது. வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தாலும் தரவு மறு பக்கமாகச் சுற்றி வந்துவிடும். பராமரிப்புக்கும் அதில் பணம் ஒதுக்கப்பட்டுள்ளது. முந்தைய திட்டங்களில் கேபிள் போட்டதும் வேலை முடிந்ததாகவே கருதப்பட்டது. ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி வைத்து, அதன் விளக்கு எரியாமல் கிடந்த காட்சி பல மாநிலங்களில் இருந்தது.

ஆராய்ச்சிக்குத் திரும்பும் பணம்

எர்நெட் காலத்தில் ஆராய்ச்சியும் கட்டமைப்பும் ஒரே திட்டத்தில் இருந்தன. பின்னர் இரண்டும் பிரிந்தன. ஒரு பக்கம் கேபிள் போடும் பெரிய திட்டங்கள், மறு பக்கம் ஆய்வகங்களுக்கான சிறிய மானியங்கள். அண்மையில் இவை மீண்டும் நெருங்கியுள்ளன. 2018இல் சுமார் 224 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற உள்நாட்டு ஐந்தாம் தலைமுறைச் சோதனைக்களத்தைச் சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் உருவாக்கின; 2022 மே 17 அன்று அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எண்ணிக்கை மீண்டும் எட்டு என்பது தற்செயல்தான். அதே ஆண்டு அக்டோபரில், சேவைக் கடமை நிதியின் ஆண்டு வசூலில் 5 விழுக்காட்டை ஊரகத் தேவைக்கான தொலைத்தொடர்பு ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் தொலைத்தொடர்புத் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி தொடங்கப்பட்டது. ரீசார்ஜ் பணத்தின் ஒரு சிறு பங்கு இப்போது ஆய்வகத்துக்கும் போகிறது.

இதற்கிடையில் சந்தை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. 2016க்குப் பிறகு நான்காம் தலைமுறைக் கைபேசிச் சேவையின் விலை சரிந்ததும், தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் பெரும்பாலோருக்கு இணையம் என்பது கைபேசியாகவே ஆகிவிட்டது. பிரவுசிங் சென்டர்கள் மறைந்து, இ-சேவை மையங்களாகவும் ஜெராக்ஸ் கடைகளாகவும் மாறின. சாதிச் சான்று, பட்டா, பயிர்க் காப்பீடு எல்லாம் அங்கே நடக்கின்றன. கைபேசி போதும் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. நாற்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் பாடம் பார்க்கும் பள்ளிக்கும், ஊடுகதிர்ப் படத்தைச் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ அனுப்ப வேண்டிய மருத்துவமனைக்கும் நிலையான ஒளியிழை இணைப்பு வேண்டும்.

சேவைக் கடமை நிதி, தொலைத்தொடர்புச் சட்டம் 2023இன் கீழ் டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியிருக்கிறது. பெயரோடு வரையறையும் மாறியது. பழைய சட்டம் ஊரகம், தொலைதூரம் என்ற இரண்டு சொற்களோடு நின்றது. புதிய சட்டம் போதிய சேவை பெறாத ஊரக, தொலைதூர, நகர்ப்புறப் பகுதிகள் என்கிறது. நகர்ப்புறம் என்ற அந்த ஒரு சொல்லின் வழியாக, பேரூராட்சிகளுக்கும் இந்த நிதியிலிருந்து செலவிடச் சட்டத்தில் இடம் வந்துவிட்டது. திருத்தப்பட்ட பாரத்நெட் இன்னும் 2.64 லட்சம் கிராம ஊராட்சிகளையும், கேட்டால் இணைக்கப்படும் மற்றச் சிற்றூர்களையும் கொண்டே கணக்கிடுகிறது. சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.